கபடியைத் தடுத்தது மண் அல்ல

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. வங்கதேசத்தின் தேசிய விளையாட்டு. இந்தியா எந்த ஆட்டத்தையும் தேசிய விளையாட்டாக அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. ஆனாலும் மக்கள் மனத்தில் அந்த இடத்துக்கு உரிமை உள்ள ஆட்டங்களில் கபடியும் ஒன்று. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போதே அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அதை ஆடிக் காட்டினார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியும் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் கபடி இல்லை. இதற்கு வழக்கமாகச் சில காரணங்கள் சொல்லப்படுகின்றன: கபடி கிராமத்து மண்ணோடு ஒட்டிய ஆட்டம், அதன் விதி வெளியாருக்குப் பிடிபடாது, கிரிக்கெட் அதை விழுங்கிவிட்டது, எப்படியும் இந்தியாதான் ஜெயிக்கும் என்பதால் மற்றவர்களுக்கு ஆர்வமில்லை. இவற்றில் எதுவும் உண்மைகளின் முன் நிற்பதில்லை.

இந்த வாதங்களை உரசிப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாயின் இந்தியப் பிரிவு 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் வந்து தங்கினார்கள். கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. அதே வட்டாரக் கிராமங்களில் பொங்கலையொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்த தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விளக்கு வெளிச்சத்தில் விடிய விடியக் கபடி நடக்கும். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் கபடி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

மண் பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சர்வதேசக் கபடி மண்தரையைவிட்டு உள்ளரங்க விரிப்புக்கு மாறிப் பல ஆண்டுகளாகின்றன. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் போதும். பேட் வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். செலவில்லாத ஆட்டம் பரவாது என்றால் உலகின் ஏழைத் தெருக்களில் கால்பந்து பரவியிருக்கக் கூடாது.

விதி புரியாது என்பது ஆட்டத்தை அருகில் நின்று பார்க்காதவர்களின் பேச்சு. ஒருவர் நடுக்கோட்டைத் தாண்டி, “கபடி, கபடி” என்று விடாமல் பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் நுழைகிறார். அவருக்கு 30 விநாடி. ஏழு பேர் கைகோத்துச் சங்கிலியாக வளைகிறார்கள். மூலையில் நிற்பவரின் கண் பாடி வருபவரின் கணுக்காலிலேயே இருக்கிறது. பாடுபவர் உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி, மறுபக்கம் கால்விரலை நீட்டி ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. மடக்கப்பட்டு, பாட்டு அறுந்து, கோட்டை எட்ட முடியாமல் விழுந்தால் புள்ளி எதிரணிக்கு. போனஸ் கோடு, எதிரணி முழுவதும் வெளியேறும் லோனா, மூன்றாவது முறை கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டிய ரைடு ஆகியவை போகப் போகப் பிடிபடும். முதல் தடவை பார்ப்பவருக்கு கிரிக்கெட்டின் எல்பிடபிள்யூவை விளக்குவதைவிட இது எளிது.

வெளிநாட்டவர் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஆட்ட முடிவுகளே சான்று. 2016 அகமதாபாத் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், கடைசி நிமிடங்கள் வரை பின்தங்கியிருந்த தென்கொரியா 34–32 என்று இந்தியாவை வென்றது. திருப்பத்தைக் கொடுத்தவர் ஜாங் குன் லீ. கொரியக் கபடியின் மையம் பூசான். ஹூண்டாயின் தலைமை ஆலை இருக்கும் உல்சானுக்குப் பக்கத்து நகரம் அது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கொரியா மறுபடியும் இந்தியாவை 24–23 என வென்றது. அரையிறுதியில் ஈரான் 27–18 என வீழ்த்தியபோது, 1990 முதல் தொடர்ந்து ஏழு முறை இந்திய ஆண்கள் வாங்கிய தங்கம் கைவிட்டுப் போனது. மகளிர் இறுதியிலும் ஈரானே 27–24 என்று வென்றது. அந்த ஈரானிய அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். மல்யுத்தம் ஊறிய நாட்டுக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் போதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தியாவே ஜெயிப்பதால் சுவை போயிற்று என்ற புகாரும் இதோடு உடைகிறது. மேசைப் பந்தில் சீனாவின் ஆதிக்கம் உலகத்தை விரட்டிவிடவில்லை. ஜூடோவின் வரலாறு இன்னும் பொருத்தமானது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறை இடம்பெற்றபோது, எடை வரம்பற்ற பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் ஹீசிங்க் ஜப்பானியரைத் தோற்கடித்தார். அன்று அரங்கில் ஜப்பானியர் கண்கலங்கினாலும், ஜூடோ உலகத்தின் சொத்தானதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம். ஜகார்த்தாவையும் அப்படிப் பார்த்திருக்க வேண்டும். இங்கே அது அவமானமாக மட்டுமே பேசப்பட்டது. பெரிய வாய்ப்பு ஒன்று கவனிக்கப்படாமல் போயிற்று.

கிரிக்கெட் மீது போடப்படும் பழிக்கு இந்தியாவுக்குள் ஓரளவு நியாயம் உண்டு. பணமும் நேரமும் அங்கேதான் போயின. ஆனால் 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது, முதல் பருவத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 43.5 கோடி என்று கணக்கு வெளியானது. அந்த ஆண்டு ஐபிஎல்லுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்தது. மேலும், கொரியாவில் கிரிக்கெட்டுக்குச் செல்வாக்கே இல்லை. அங்கே கபடி சிறிய வட்டத்தைத் தாண்டாததற்குக் கிரிக்கெட் எப்படிப் பொறுப்பாகும்?

பேரரசு வாதம்தான் இருப்பதில் வலுவானது. பிரிட்டிஷ் மாலுமிகளும் ரயில்வே ஊழியர்களும் கால்பந்தைக் கொண்டுபோனார்கள். கிரிக்கெட் குடியேற்ற நாடுகளில் வேர்விட்டது. காலனி வைத்திராத நாட்டின் ஆட்டம் எப்படிப் பரவும் என்று கேட்கிறார்கள். பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1920இல் ஹாரி குரோ பக் இங்கே ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கூடைப்பந்தும் கைப்பந்தும் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கு வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் விதிப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போனதால். காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியாவும் டேக்வாண்டோவை அப்படியே செய்தது. 1972இல் சியோலில் குக்கிவோன் என்ற தலைமையகம், 1973இல் உலகச் சம்மேளனம், 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டம், 2000 சிட்னியில் பதக்கம். நாடு நாடாக ஆசிரியர்கள் போனார்கள். கறுப்புப் பட்டைக்குத் தரும் சான்றிதழ் எந்த நாட்டிலும் செல்லும். இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் டேக்வாண்டோ கற்கிறார்கள். கார் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை: வண்டியை விற்ற ஊரில் மெக்கானிக்கும் உதிரிபாகமும் இல்லையென்றால் அடுத்த வண்டி விற்காது.

கபடிக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு அமையவில்லை. உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. 1979இல் இந்தியாவிலிருந்து பேராசிரியர் சுந்தர் ராம் ஜப்பானுக்குப் போய் இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தார். ஜப்பானில் கபடி உயிரோடு இருப்பதற்கு அது வித்திட்டது. இதுபோன்ற பயணங்கள் தனி முயற்சிகளாகவே நின்றன. ஆண்கள் உலகக் கோப்பை 2004, 2007 ஆண்டுகளில் நடந்தது, அடுத்தது 2016இல்தான். மகளிருக்கு 2012இல் பட்னாவில் நடந்ததற்குப் பிறகு 2025இல்தான் டாக்காவில் நடந்தது. இந்த 13 ஆண்டுகள் ஒரு வீராங்கனையின் முழு ஆட்டக் காலம். கனடாவிலும் இங்கிலாந்திலும் பஞ்சாபியர் உற்சாகமாக ஆடுவது வட்டக் களத்துக் கபடி. பஞ்சாப் அரசு 2010இல் அதற்குத் தனி உலகக் கோப்பையையே தொடங்கியது. புலம்பெயர்ந்தோரின் பணமும் ஆளும் இப்படி வேறொரு விதிமுறைக்குப் போயின.

ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் கேட்டது, ஆண்கள் ஆட்டம் நான்கு கண்டங்களில் 75 நாடுகளிலாவது பரவலாக ஆடப்பட வேண்டும் என்பது. 2016 உலகக் கோப்பையில் கென்யா, போலந்து, அர்ஜென்டினா உட்பட 12 அணிகள் ஆடின. கண்டங்களின் எண்ணிக்கை எட்டப்பட்டுவிட்டது, நாடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வேலை செய்யும் நிர்வாகம் தேவைப்பட்டது. அந்த ஆண்டுகளில் நிர்வாகம் நீதிமன்றத்தில் இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியச் சம்மேளனத்தின் ஆயுட்காலத் தலைவர் நியமனத்தை ரத்து செய்தது. பொறுப்பு நிர்வாகி ஒருவரிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை என்று சர்வதேசக் கூட்டமைப்பு 2024இல் இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன பிறகே ஈரானில் நடந்த ஆசிய மகளிர் போட்டிக்கு இந்திய அணி போக வழி பிறந்தது. அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஓர் உலகக் கோப்பை நடந்தது. அதை நடத்தியது வேறொரு அமைப்பு.