நீரைக் கடக்கும் ஒளி

பிச்சாவரத்தில் படகேறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். எதிர்க்கரை கண்ணெதிரே தெரியும். ஆயினும் சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்களில் வளைந்து வளைந்து சென்றால்தான் அங்கே சேரலாம். பார்வைக்குப் பக்கம், பயணத்திற்குத் தூரம்.

அண்மையில் அவ்வாறு ஒரு படகில் சென்றபோது, படகோட்டி தம் மகளைப் பற்றிக் கூறினார். கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். வீட்டில் கைப்பேசி உண்டு. ஆனால் இணையம் எட்டுவதில்லை. "பாலத்து மேல ஏறி நின்னுதான் அனுப்புச்சு, சாமி. அக்கரையில கோபுரம் தெரியுது, இக்கரைக்கு வரமாட்டேங்குதே!" என்றார். அவருடைய கேள்வி எளியது. விடையோ விஞ்ஞானிகளே நெடுங்காலம் தேடியது.

அதிவேக இணையம் இன்று பெரும்பாலும் மண்ணில் புதைத்த கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக ஓடி வருகிறது. சதுப்பு நிலத்தில் அதைப் புதைப்பது கடினம், செலவும் மிகுதி. அதற்காகக் காட்டை வெட்டவும் மனம் ஒப்பாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, தனக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது இக்காடன்றோ!

அவ்வாறாயின், இழையை விட்டுவிட்டு ஒளியை மட்டும் அனுப்பினால் என்ன? தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1880ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து பார்த்தார். பேசும் குரலுக்கேற்ப அதிரும் மெல்லிய கண்ணாடியில் சூரிய ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து, ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்குக் குரலை அனுப்பினார். மேகம் மறைத்தால் பேச்சும் நின்றுவிடும்! 1960இல் மைமான் என்னும் அறிஞர் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டிய பிறகே, எளிதில் சிதறாமல் நேர்கோட்டில் செல்லும் ஒளி மனிதன் கைக்கு வந்தது.

இன்றைய கருவிகளில் ஒன்று 'தாரா'. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசுவாமி. வானில் பறக்கும் பலூன்களுக்கிடையே செய்தி அனுப்பப் பயன்பட்ட ஒளியையே இக்குழுவினர் தரைக்குக் கொண்டு வந்தனர். கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கதிர் மிக விரைவாக மாறி மாறித் துடிக்கிறது. அத்துடிப்புகளே எழுத்தும் படமும் குரலும் ஆகின்றன. 20 கிலோமீட்டர் வரை, நொடிக்கு 20 கிகாபிட் அளவில் செய்தி செல்லும். ஒரு முழுத் திரைப்படம் ஓரிரு நொடிகளில் வந்து சேர்ந்துவிடும்!

ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிரசாவில், கின்ஷாசா என்னும் இரு தலைநகரங்கள் எதிரெதிரே உள்ளன. இடைத்தொலைவு 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆழமும் வேகமும் மிக்க ஆற்றைக் கடக்க இயலாமல், கண்ணாடி இழை 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் சென்றது. 2021இல் ஒளிக்கதிர் ஆற்றை நேரே கடந்தது. 20 நாட்களில் ஏறக்குறைய 700 டெராபைட் செய்தியைச் சுமந்தது. 2023இல் நம் மாநிலத்திலேயே, சென்னைக்குத் தெற்கே மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூருக்கு ஒளிவழி இணையம் கொண்டுவரும் முயற்சி நடந்தது.

குறைகளும் உண்டு. இரு கருவிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் காண வேண்டும். காற்றில் கம்பம் அசைந்தால், உள்ளிருக்கும் கண்ணாடிகள் உடனே திரும்பிக் கதிரை நேராக்கிவிடும். பறவை குறுக்கிட்டாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் மார்கழி மூடுபனியும் ஐப்பசி அடைமழையும் கதிரை மறைத்துவிடும். அப்பொழுது துணைக்கு வானொலி அலை வேண்டும். 2011இல் 'தானே' புயலைக் கண்ட கடலூர் மாவட்டத்தில், கம்பமும் உறுதியாக நிற்க வேண்டும்.

எனினும் பெரிய தடை பனியன்று, எண்ணிக்கையே. சில நூறு வீடுகளுக்காகக் கம்பம் நடுவது வாணிகத்திற்கு இலாபம் தராது. கேட்பவர் இல்லையேல் தருபவரும் இரார். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தீவுக் குப்பங்களுக்கு இணையம் வேண்டுமெனத் தீர்மானம் கொணர, படித்த நம் இளைஞர் முன்வரலாகாதா? உயர்ந்த மாடி உடையோர் ஒரு கருவிக்கு இடம் தரலாகாதா?

ஒளி நீரைக் கடக்கக் கற்றுக்கொண்டது. அதை வாங்கிக்கொள்ள இக்கரையிலும் ஒரு கம்பம் நிற்க வேண்டும். அந்தப் பெண் மீண்டும் பாலத்தின் மேல் ஏறி நிற்கும் நிலை வராதிருப்பது, விஞ்ஞானிகள் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது.