நிரந்தர வேலையும் விதைநெல்லும்





பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், மஃரிப் தொழுகைக்குப் பின் மதரஸா வாசலில் பெற்றோர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், பிள்ளையை எதில் சேர்த்தால் நிரந்தர வேலை கிடைக்கும்?" வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் இக்கேள்வி எழுகிறது, பாகூர்ப் பக்கத்திலும் எழுகிறது. "அரசு வேலைக்கு முயலுங்கள், இல்லையேல் வளைகுடாவுக்கு அனுப்புங்கள்" என்றே நாமும் பல்லாண்டுகளாக மறுமொழி கூறி வந்தோம். அந்த மறுமொழி போதாது என்பதை இன்று உணர்கிறோம்.

நிரந்தரம் என்றால் புதுச்சேரி மண்ணில் ஒரு காலத்தில் பஞ்சாலை வேலை என்றே பொருள். அந்த வேலைக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்கள் தொழிலாளர்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தின் பயனாகவே எட்டு மணி நேர வேலை உரிமை கிட்டியது. ஆயினும் 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. உழைத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். சந்தையும் இயந்திரமும் மாறின. ஆலை அதே வேகத்தில் மாறவில்லை. உயிரைக் கொடுத்துப் பெற்ற வேலையே நிலைக்கவில்லை என்றால், வேறெந்த வேலையை நாம் நிரந்தரம் என்று சொல்லிவிட முடியும்?

நம் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்மிடம் ஓதிய ஒரு மாணவர் மின்கருவிகளைப் பழுது பார்ப்பதில் வல்லவராக இருந்தார், ஐ.டி.ஐ.யில் சேர விரும்பினார். உறவினர் ஒருவர் விசா தயார் என்றதும், "படிப்பில் இரண்டு ஆண்டுகளை ஏன் கழிக்க வேண்டும்?" என்று அவருடைய அத்தாவுக்கு ஆலோசனை கூறியவர்கள் நாமே. கடையில் பொருள் அடுக்கும் வேலைக்குச் சென்ற அவர், எட்டு ஆண்டுகளுக்குப் பின் அக்கடை மூடப்பட்டதும், கையில் எத்தொழிலும் இன்றித் திரும்பினார். இன்றும் நம்மைக் கண்டால் ஸலாம் கூறுகிறார். அதற்குப் பதில் கூறும்போதெல்லாம் உள்ளம் குறுகுகிறது.

வருங்காலத்தைக் கருதித் திட்டமிடுவது தவக்குலுக்கு முரணானது அன்று. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. ஏழாண்டு வளத்திற்குப் பின் ஏழாண்டுப் பஞ்சம் வரும் என்று அறிந்த அவர்கள், உண்பதற்குத் தேவையான சிறு அளவு போக, எஞ்சிய தானியத்தைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்க வழிகாட்டினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது, தம்மிடம் பாதுகாக்கும் தன்மையும் அறிவும் இருப்பதையே தகுதியாகக் கூறினார்கள். தலைமைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

புதுவையின் நெற்களஞ்சியமான பாகூரின் உழவர்களுக்கு இது புதிதன்று. எத்தனை முடை வந்தாலும் விதைநெல்லில் அவர்கள் கை வைப்பதில்லை. கற்கும் திறனே ஒரு குடும்பத்தின் விதைநெல். வருமானம் வரும் காலத்தில் வீட்டுக்கு மாடி எழுப்புகிறோம். திருமணத்தில் வாரி இறைக்கிறோம். விதைநெல்லுக்கு என்று எடுத்து வைப்பது எவ்வளவு?

எடுத்து வைத்தவர்களும் நம் சமுதாயத்தில் உண்டு. தோல் வணிகத்தில் செழித்த வாணியம்பாடி முஸ்லிம்கள் 1919இலேயே இஸ்லாமியக் கல்லூரியை நிறுவினர். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியபோது, வாணியம்பாடியும் ஆம்பூரும் முழுப்பதத் தோலுக்கும் காலணித் தயாரிப்புக்கும் மாறின. தொழில் பிழைத்தது. ஆனால் பாலாறு மாசுபடுவதை உரிய காலத்தில் தடுக்கத் தவறினர். 1996இல் உச்ச நீதிமன்றமே தலையிட நேர்ந்தது. இலாபத்தை மட்டும் பார்ப்பது தொலைநோக்கு ஆகாது என்பதும் அங்கே கிடைக்கும் பாடம்.

எனவே நம் மஹல்லாக்களுக்குச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுதோறும் ஜமாஅத் தயாரித்து, ஒவ்வொருவரோடும் அமர்ந்து பேசட்டும். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், வேலைக்கு வரும் இளைஞனைத் தேநீர் வாங்க அனுப்புவதோடு நிறுத்திவிடாமல், கொள்முதலையும் கணக்கையும் ஜி.எஸ்.டி.யையும் கற்றுக் கொடுக்கட்டும். அவன் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஏழை மாணவருக்குரிய ஜகாத்தைச் சில்லறையாகப் பிரித்து விடாமல், ஒரு படிப்பு முடியும் அளவுக்குத் திரட்டிக் கொடுக்கட்டும்.

பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம். கதீஜா (ரலி) அவர்கள் தம் செல்வத்தைத் தாமே நிர்வகித்து, ஷாம் தேசத்திற்கு வணிகப் பொருட்களை அனுப்பிய தலைவி. அவர்களின் வரலாற்றை மேடையில் பெருமையோடு பேசும் நாம், பட்டம் பெற்ற மகளின் சான்றிதழை அலமாரியில் பூட்டி வைப்பது எவ்வகையில் பொருந்தும்?

இனி மதரஸா வாசலில் அக்கேள்வி வந்தால், நாம் திருப்பிக் கேட்கப் போவது இதுதான்: "இந்த வேலை போய்விட்டால், அடுத்ததைக் கற்கும் வல்லமை பிள்ளைக்கு இருக்குமா?" ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ். விதைநெல்லைக் காப்பது நம் பொறுப்பு. அதற்குரிய அறிவையும் அமானிதத்தையும் அவன் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.