முதலில் முழந்தாளிடுவது யார்?

ஒற்றுமையின் பெருமையை மேடையில் எடுத்துரைப்போர்க்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. பிரிந்து நிற்கும் சங்கங்கள் இரண்டினை ஒன்றாக்கும் பணியில் இறங்கிப் பார்த்தவர்களோ அதுபற்றி அதிகம் பேசுவதில்லை. பகைவரைச் சமாதானப்படுத்துவதிலும் சகோதரரைச் சமாதானப்படுத்துவது கடினம் என்பதை அவர்கள் அநுபவத்தால் அறிந்தவர்கள். ஏன் அவ்வாறாகின்றது என்பதை, ஆபிரிக்காக் கண்டத்து மக்களினம் ஒன்றின் வரலாற்றை முன்வைத்து இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகின்றோம். அம்மக்கள் உர்ஹோபோ எனப் பெயர் பெறுவோர். வாசகரிற் பலர்க்கு இப்பெயர் புதியதாயிருத்தல் கூடும். அவர்தம் வழக்கு மட்டும் புதியதாயிராது.

நைஜீரியாவின் தென்பகுதியில், நைஜர் நதி பல கிளைகளாய்ப் பிரிந்து கடலொடு கலக்கும் கழிமுக நிலத்தின் மேற்புறத்தே உர்ஹோபோ மக்களின் தாயகம் அமைந்துள்ளது. 1991 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட டெல்டா மாநிலத்தில் தொகையால் மிக்கவர் இவரே. எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து எண்ணெய் எடுத்து விற்றல் இவர்தம் பழந்தொழில். இவருள் இருபதுக்கு மேற்பட்ட சிற்றரசுகள் உண்டு. அக்பொன், உகெலி, ஒக்பே, அப்ராக்கா முதலியன அவற்றுட் சில. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மன்னர் உளர். மன்னரை 'ஓவியே' என்பர். பேச்சு வழக்கும் இடத்துக்கிடம் வேறுபடும். ஆயினும் இவ்வரசுகள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட பேரரசன் ஒருவன் இவர் வரலாற்றில் இலன். இச்செய்தியை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னே வருவன யாவும் இதனோடு தொடர்புடையன.

ஒரு முடியின்கீழ் வாழ்ந்திராத மக்களுக்கு ஒரு கூரையாய் வாய்த்தது ஒரு சங்கமே. 1931 ஆம் ஆண்டில் வாரி நகரத்திலே 'உர்ஹோபோ சகோதர சங்கம்' என்ற பெயரில் அது தொடங்கப்பெற்றது. பின்னர் 'உர்ஹோபோ முன்னேற்றச் சங்கம்' என்று பெயர் கொண்டது. அக்காலத்தே உர்ஹோபோ மக்கள் தொழில் தேடி லாகோஸ் முதலிய நகரங்களுக்கும், பனையெண்ணெய்த் தொழிலின் பொருட்டு மேற்கேயுள்ள யொரூபா நாட்டுக் காடுகளுக்கும் சென்று குடியேறியிருந்தனர். சென்ற சென்ற இடந்தோறும் சங்கத்திற்குக் கிளை எழுந்தது. ஆங்கில ஆட்சியாளர் இம்மக்களைச் 'சோபோ' என்று திரித்து எழுதி வந்தனர். அப்பெயரை நீக்கி 'உர்ஹோபோ' என்ற உண்மைப் பெயரை 1938 ஆம் ஆண்டில் அரசாங்க ஏடுகளில் ஏறச் செய்தமை அக்காலத்துப் பெரு வெற்றிகளுள் ஒன்று. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமைக்கும் மனிதன் கூட்டமாய்த்தான் போராட வேண்டியிருக்கின்றது.

அச்சங்கத்தின் பொற்காலம் முகோரோ மோவோ என்னும் பெருவணிகர் அதன் பொதுத் தலைவராய் விளங்கிய காலமாகும். அவர் கல்லூரி கண்டவரல்லர். தம் மக்கள் கல்லூரி காணவேண்டும் என்ற வேட்கையுடையவர். ஊர் ஊராய்க் கிளை கிளையாய்ச் சென்று கல்வி நிதி திரட்டினார். எண்ணெய் விற்றவரும், கூலிக்கு உழைத்தவரும், எழுதுவினைஞராய்ச் சிறு சம்பளம் பெற்றவரும் அந்நிதிக்குக் கொடுத்தனர். அந்நிதியைக் கொண்டு எம். ஜி. எஜாய்பே, ஈ. என். இகோ என்னும் இரு இளைஞர் உயர்கல்விக்கு அனுப்பப்பட்டனர். 1940 களின் பிற்பகுதியில் உர்ஹோபோக் கல்லூரி எழுந்தது. தம்மினத்தின் முதற் பட்டதாரி எனப் போற்றப்பெறும் எஜாய்பே அக்கல்லூரிக்கு அதிபராய் வந்து பணியாற்றினார். மோவோ 1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் காலமானார். அவர் தலைமை வகித்த சங்கத்தினுள்ளும் பொறாமையும் பிணக்கும் இல்லாமலில்லை. ஒக்பே மக்களைப் போலத் தமக்கெனத் தனிச் சங்கம் வைத்திருந்தோரும் இருந்தனர். ஆயினும் எல்லாரும் ஒருங்கே நோக்கத்தக்க கட்டடம் ஒன்று கண்முன்னே எழுந்துகொண்டிருந்தது. சுவர் உயர உயர வாக்குவாதம் தாழ்ந்தது.

இனி, கடல் கடந்த கதைக்கு வருவோம். 1960 ஆம் ஆண்டில் நைஜீரியா சுதந்திரம் பெற்ற காலத்தை அடுத்து மாணவராய்ப் பிரித்தானியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சென்றோர் சிலர். 1980 களில் எண்ணெய் விலை வீழ்ந்து, 1986 இல் அரசாங்கம் கடுமையான பொருளாதாரச் சீரமைப்பை மேற்கொண்டு, நாணயத்தின் மதிப்புச் சரிந்தபோது, வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாளருமாய் வெளியேறினோர் பலர். அவருள் உர்ஹோபோ மக்களும் அடங்குவர். குளிர் நாட்டிலே, மொழி புரியாத அயலவர் நடுவிலே, அவர்கள் முதலிற் செய்த காரியம் சங்கம் அமைத்ததேயாகும். ஒருவர் இறந்தால் உடலைத் தாயகத்துக்கு அனுப்பப் பணம் சேர்ப்பது சங்கம். குழந்தை பிறந்தாற் கூடி மகிழ்வது சங்கம். இளைஞர்க்குத் தாய்மொழியிலே வணக்கம் கூறவேனும் கற்பிப்பது சங்கம். நகரந்தோறும் ஒன்று, அந்நகரச் சங்கங்களை இணைக்கும் தேசியச் சங்கம் ஒன்று, தாய்ச் சங்கத்தின் கிளையெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் அமைப்புகள் வேறு. இவ்வாறு ஒரே மக்கள் ஒரே பணிக்கெனப் பல பெயர்களில் நிற்கும் நிலை உருவாயிற்று.

சங்கங்கள் ஏன் பிளவுபடுகின்றன? பதவி ஆசையே காரணம் என்று கூறி முடித்துவிடுதல் எளிது. அதிலும் ஆழமான விளக்கமொன்று உர்ஹோபோ அறிஞர் ஒருவரிடமிருந்தே நமக்குக் கிடைத்துள்ளது. அவர் பெயர் பீற்றர் எக்கே. இபாடான் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். 1999 இல் உர்ஹோபோ வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தவர். 2020 இல் மறைந்தவர். 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரையொன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. அதன் சாரத்தை நம் சொல்லிற் கூறுவோம். குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட ஆபிரிக்க மனிதனுக்குப் பொதுவெளிகள் இரண்டு உண்டாயின. ஒன்று, அந்நியன் அமைத்துச் சென்ற அரசாங்கம். அதற்கு அவன் மனத்தளவிற் கடன்பட்டவனல்லன். அங்கே கிடைப்பதைப் பெற்றுக்கொள்ள நாணுவதுமில்லை. மற்றொன்று, தன் இனமும் ஊரும். அங்கே அவன் கைப்பொருளைக் கொடுக்கின்றான். கொடுத்ததற்குப் பொருளாய் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. அரசாங்கப் பணத்தை எடுத்தவனைக் கண்டும் காணாமல் விடும் சமூகம், ஊர்ச் சங்கத்தின் பணத்தைத் தொட்டவனை மன்னிப்பதில்லை.

இதனை நாம் நம் பொருளுக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஊர்ச் சங்கம் மனிதனின் மானம் குடியிருக்கும் இடம். அங்கே தனாதிகாரியைக் கணக்குக் கேட்டால், அவர் பண்பையே ஐயுற்றதாய் எடுத்துக்கொள்கின்றார். அங்கே தேர்தலில் தோற்றவர், தம் இரத்த உறவினர் தம்மைப் புறக்கணித்ததாய் வருந்துகின்றார். பற்றில்லாத இடத்திற் பிளவு இல்லை. மனிதர் வெறுமனே விலகிச் செல்வர். தமக்கு உயிரான இடத்தை விட்டுச் செல்ல மனமில்லாமையாலேயே, அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்குகின்றனர். ஆகவே இரு சங்கத்தாரும் இனப்பற்று அற்றவர் என்று பழிக்கும் உபதேசியார், நோயைத் தலைகீழாய்க் கண்டவராவர்.

பற்றோடு வேறு காரணங்களும் சேர்வதுண்டு. தேர்தல் நடந்த இரவிலே பிறக்கும் சங்கங்கள் சில. கணக்கு வாசிக்கப்படாத பொதுக்கூட்டத்திற் பிறப்பன சில. எல்லாப் பதவியும் ஓர் ஊரார்க்கே போகின்றன என்ற மனக்குறையிற் பிறப்பன சில. மேலை நாடுகளிலே சங்கத்தின் பெயரும் வங்கிக் கணக்கும் சட்டப்படி பதிவு பெற்றவையாதலால், பிளவு சில வேளை நீதிமன்றம் வரை செல்லவும் கூடும். இவற்றிற்கு மேலாய்த் தாய்வீட்டுச் சண்டையும் பிள்ளைகளைப் பாதிக்கும். 2010 களின் பிற்பகுதியில் தாய்ச் சங்கமாகிய உர்ஹோபோ முன்னேற்றச் சங்கத்திலேயே பொதுத் தலைவர் பதவிக்கு இருவர் ஒரே காலத்தில் உரிமை கொண்டாடிய நிலை இருந்தது. தாய்க்கு இரண்டு தலைவர் எனின், கடலுக்கப்பால் உள்ள கிளை எவரைத் தலைவரென எழுதும்? இவ்விடத்தில் வாசகர் எவரேனும் தம்மூர்ச் சங்கத்தை நினைத்துக்கொள்வாராயின் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

பிளவின் நட்டத்தை யார் தாங்குகின்றார்? 1998 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் உர்ஹோபோ நாட்டைச் சேர்ந்த ஜெஸ்ஸி என்னும் ஊரினருகே பெற்றோலியக் குழாயொன்று தீப்பற்றி ஆயிரம் பேரளவில் மாண்டனர். குழாயினின்று கசிந்த எண்ணெயை அள்ள வந்திருந்த ஏழைகள் அவருட் பலர். அத்தகைய பேரிடர் வேளையில் கடல்கடந்தோர் அரசாங்கங்களுக்கு விண்ணப்பம் செய்தல் வேண்டும். நிதி அனுப்புதல் வேண்டும். காயமுற்றோர்க்காகக் குரல் எழுப்புதல் வேண்டும். ஒரே மக்களின் பெயரால் இரண்டு விண்ணப்பங்கள் ஓர் அமைச்சரின் மேசைக்கு வந்தால், அவர் முதலிற் கேட்கும் கேள்வி 'உங்களில் உண்மையானவர் யார்?' என்பதாகத்தான் இருக்கும். அக்கேள்விக்கு விடை தேடும் சாக்கில் இரண்டு விண்ணப்பத்தையும் அவர் ஒதுக்கிவைத்தல் எளிது. மேலும், இறந்தவர் வீட்டார் எந்தச் சங்கத்துக்கு முதலில் அறிவிப்பது என்று அஞ்சி நிற்றலினும் இரங்கத்தக்கது வேறில்லை. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளோ பெரியோர் இருவர் ஒரு மண்டபத்தில் அமர மறுப்பதைக் காண்கின்றனர், காரணம் கேட்கின்றனர், கூறப்படும் காரணம் அவர்க்கு விளங்குவதில்லை. மெல்ல இரண்டு சங்கத்திற்கும் வராமல் நின்றுவிடுகின்றனர். மொழியும் அவர்களோடு வீட்டு வாயிலைக் கடந்து போய்விடுகின்றது.

ஆகவே இணைப்பு வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. இணைப்பின் முறை யாது என்பதே வினா. முதற்கண், கணக்கு. இரு சங்கமும் தத்தம் வரவு செலவை, இரு பகுதியாரும் ஏற்கும் கணக்குப் பரிசோதகரிடம் இணைப்புக்கு முன்னரே ஒப்படைத்தல் வேண்டும். விருந்து முடிந்தபின் கணக்குப் பார்க்கலாம் என்று கூடியவர்கள், அடுத்த விருந்துக்கு முன்னரே பிரிவர். இரண்டாவது, இடைக்காலக் குழு. இரு பக்கத்தினின்றும் ஒத்த தொகையினர் அதில் இருத்தல் வேண்டும். குழுவுக்குக் கால எல்லை குறித்தல் வேண்டும். குழுவில் அமர்ந்தோர் எவரும் புதிய சங்கத்தின் முதல் தேர்தலில் நிற்றலாகாது. இவ்விதி ஒன்றே தன்னலமற்றோரைத் தானாகத் தெரிந்தெடுத்துவிடும். மூன்றாவது, சிறு சங்கங்களைக் கலைத்தல் கூடாது. நகரச் சங்கமும் ஊர்ச் சங்கமும் தத்தம் பெயரோடு வாழட்டும். பெருஞ்சங்கம் அவற்றின் மீது இட்ட கூரையாய் இருக்கட்டும். என்றும் ஒரே மன்னனை அறிந்திராத உர்ஹோபோ மக்களுக்கு இம்முறையே இயல்பானது. தனித்தனி மன்னரை உடையோர் 1931 இல் ஒரே கூரையின்கீழ்க் கூடிய வழியும் இதுவே. நான்காவது, தேர்தலுக்கு முன்னே ஒரு வேலை. பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கும் வகுப்பாயினும் ஆகுக, தாயகத்துப் பள்ளியொன்றுக்கு ஆய்வுகூடமாயினும் ஆகுக. இரு பகுதியாரும் சேர்ந்து கைவைக்கத்தக்க பணியொன்றைத் தொடங்குதல் வேண்டும். மோவோ காலத்துக் கல்லூரி தந்த பாடம் இது.

இத்தனையும் செய்த பின்னரும் ஓர் இடர் எஞ்சியிருக்கும். முதலிற் கடிதம் எழுதுபவர் யார்? எழுதினவர் தோற்றவராய்க் கருதப்படுவாரே என்ற அச்சமே பல சமாதானங்களை முளையிலே கருகச் செய்கின்றது. இதற்கு மருந்து உர்ஹோபோ மக்களின் அன்றாட வழக்கத்திலேயே உளது. அவருள் இளையவர் மூத்தவரைக் காணுங்கால் 'மிக்வோ' என்பர். நான் முழந்தாளிடுகின்றேன் என்பது அதன் பொருள். மூத்தவர் 'வ்ரென்டோ' என்று விடை கூறுவர். எழுந்திரு என்பது பொருள். இவ்வழக்கின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பணிவது இளையவர் கடன். பணிந்தவரை நிலத்திலே விட்டுவைக்காமல் உடனே எழுப்புதல் மூத்தவர் கடன். இரண்டாவது கடன் தவறாது நிறைவேறும் என்ற நம்பிக்கை இருப்பதனாலேயே முதற் கடனைச் செய்வோர் நாணுவதில்லை.

பிரிந்த சங்கங்களுக்கு இடையே பணிவு இல்லை என்று எல்லாரும் குறை கூறுகின்றனர். நமக்கோ, எழுந்திரு என்று சொல்ல வல்ல பெரியோரே அதிகம் குறைந்துவிட்டதாய்த் தோன்றுகின்றது. இணங்கி வந்த கூட்டத்தாரை 'இப்போதாவது புத்தி வந்ததே' என்று வரவேற்பவர், அடுத்த பிளவுக்கு அன்றே நாள் குறிக்கின்றார். முதலில் வந்தவர்க்கு முதல் நாற்காலியை இட்டு, அவர்தம் சங்கம் தொடங்கிய ஆண்டையும் புதிய யாப்பின் முதற் பக்கத்தில் எழுதி, பழங்கதை பேசாதிருக்கும் மூத்த சங்கம் எதுவோ, அதுவே தன் மூப்புக்கு உரிய கடனைச் செய்ததாகும்.