வரையத் தெரிஞ்ச கைக்கு வழி தெரியணும்!

பிளஸ் டூல எங்க வகுப்புலயே பிரமாதமா படம் வரைஞ்சவன் என் நண்பன். 'நாட்டா'ன்னு ஒரு தேர்வு இருக்குறது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் இன்ஜினியர் ஆனேன். அவன் ஃபிளெக்ஸ் கடையில வேலை பாக்குறான்.

ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பில் சேர பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது. நாட்டா அல்லது ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள் எழுதணும். நாட்டாவின் 200 மதிப்பெண்ணில் 80, கையால் வரைவதற்கும் வடிவம் செய்வதற்கும்! இதுக்கு மனப்பாடம் உதவாது. தினமும் சந்தையையும் பேருந்து நிலையத்தையும் பார்த்து வரைஞ்சு பழகணும்.

காசு இருக்குற வீட்டுக்கு கோச்சிங் இருக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு?

பள்ளிதோறும் ஓவிய ஆசிரியர், மாவட்டந்தோறும் இலவச நாட்டா பயிற்சி. இதுவே நம் கோரிக்கை!

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.