வேனிலும் வேர்க்குருவும்

சித்திரை பிறக்கும் வேளையில் சூரியன் நம் இலங்கைத் தீவிற்கு நேர் மேலே நிற்கிறான். மாரி மழை ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் வீசத் தொடங்காத இடைக்காலம் அது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், மேனியில் அரும்பிய வேர்வை எளிதில் உலர்வதில்லை.

அத்தகையதொரு நாளில் பெரியநீலாவணையில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பிறந்து மூன்று வாரமேயான அவருடைய பேரக்குழந்தை ஓயாது அழுதுகொண்டிருந்தது. தலையில் தொப்பி; உடலைச் சுற்றித் தடித்த துணி; கழுத்தில் எண்ணெய்; எண்ணெயின்மேற் பவுடர். துணியை விலக்கிப் பார்த்தால், கழுத்து மடிப்பிலும் மார்பிலும் செந்நிறப் பருக்கள். “உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது, தம்பி. காற்றுப் பட்டால் உள்ளே திரும்பிவிடும்” என்றார் உம்மம்மா. அன்பினாற் சொன்ன சொல்; ஆயின் அந்த அன்பே குழந்தையை வருத்திக்கொண்டிருந்தது.

வேர்க்குரு என்பது யாது? பெயரே விடை கூறுகிறது. வேர்வையால் எழும் குரு, அதாவது கொப்புளம். நம் தோலில் 20 முதல் 40 இலட்சம் வேர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் வேர்வை ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. தோல் நெடுநேரம் நனைந்தே இருப்பின், அதன் மேற்படை ஊறிச் சுரப்பிகளின் வாய் அடைபடும். தோலில் இயல்பாக வாழும் கிருமிகளுக்கும் இதிற் பங்குண்டு என்பதை ஹோல்சிலே, கிளிக்மன் என்னும் ஆய்வாளர்கள் 1978இல் எடுத்துக்காட்டினர். வழியற்ற வேர்வை தோலுக்குள்ளேயே கசிகிறது. மேலோட்டமாகத் தங்கினால் பனித்துளி போன்ற நோவற்ற கொப்புளம். சற்று ஆழத்திற் கசிந்தால் செம்பருவும் முள் தைப்பது போன்ற அரிப்பும். வேர்வைக் குழாய்கள் முதிராத பச்சிளங் குழந்தைகளுக்கு இது எளிதில் வரும்.

ஆகவே, வேர்க்குரு வெளியேறும் சூடன்று. வெளியேற முடியாத வேர்வை. இந்த உண்மையை உணர்ந்தால் மருந்தும் விளங்கிவிடும். எண்ணெயும் கொழுப்புக் களிம்பும் அடைபட்ட வாயை மேலும் அடைக்கும். பவுடர் வேர்வையோடு கலந்து மடிப்புகளிற் கட்டிபடும். அதன் தூளைச் சுவாசிப்பதும் குழந்தைக்குத் தீங்கு.

செய்யத்தக்கவை எளியன. நிழலும் காற்றும் உள்ள இடத்திற் கிடத்துங்கள். குளிர்ந்த நீரில் உடலைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தளர்ந்த பருத்தி ஆடை அணிவியுங்கள். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், அடிக்கடி ஊட்டுங்கள். பெரியவர்கள் நீர் நிறையப் பருகுக. அரிப்பிற்குக் கலமைன் திரவம் தடவலாம். அயலவர் பாவித்த களிம்பை வாங்கிப் பூசலாகாது. பெரும்பாலும் சில நாட்களிற் குணமாகிவிடும்.

எனினும், வேர்க்குருவைச் சிறிதென்று இகழ்தலும் ஆகாது. அடைபட்ட இடத்தில் வேர்வை வெளிவராது. உடலெங்கும் அது பரவினால், தன்னைக் குளிர்விக்கும் ஆற்றலை உடல் இழந்துவிடும். வெப்ப நாடுகளிற் பணிபுரிவோர் இவ்வாறு சோர்ந்து வீழ்வதை ஆராய்ந்து, ஓபிரயன் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் 1947இல் எழுதினார். பரு மறைந்த பின்னும் வேர்வை வழமைக்கு வரச் சில வாரங்கள் செல்லலாம். வயலிலும் கடலிலும் உழைப்போர் இதனை மனத்திற் கொள்க. வெயிலில் தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றினால் உடனே நிழலை நாடுக.

காய்ச்சலோடு பரு தோன்றினால் அதனை வேர்க்குருவென்று தாமே முடிவு செய்யாதீர்கள். டெங்கு, சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியனவும் தோலிற் குறி காட்டும். சீழ் வைத்தாலும், வீங்கி நொந்தாலும் வைத்தியரிடம் காட்டுக. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலெனின் சிறிதும் தாமதியாது கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்று அவ்வீட்டில் தொப்பி கழன்றது, தடித்த துணி விலகியது, சாளரம் திறந்தது. குளிர்ந்த நீரால் துடைத்த சிறிது நேரத்தில் குழந்தை உறங்கிற்று. அதன்மேற் போர்த்துவதற்கு உம்மம்மா எடுத்து வந்தது, பக்கத்து ஊராகிய மருதமுனைத் தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துணி. வேனிலுக்கு ஏற்ற மருந்து, வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது!