சைக்கிள் மீது கார் மோதினால் யார் பொறுப்பு? ரோட்டிலேயே பேசி முடித்தால் லட்சக்கணக்கில் நஷ்டம்

திருப்பூர்:

ராத்திரி 9 மணி. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறார் ஒரு தொழிலாளி. பின்னால் வந்த கார் உரசுகிறது. ஆள் கீழே விழுகிறார். சைக்கிள் ரிம் நெளிந்து விடுகிறது.

அடுத்த நிமிடமே கூட்டம் கூடி விடும். "பெரிய வண்டி மேலதான் தப்பு" என்பார் ஒருவர். "சைக்கிள்ல லைட்டே இல்லைங்க" என்பார் இன்னொருவர். கடைசியில் ஒருத்தர் நடுவில் புகுந்து, "ஏனுங்க, ஒரு மூவாயிரம் குடுத்துட்டு போங்க. போலீசு, கோர்ட்டுன்னு ரெண்டு பேரும் எதுக்கு அலையணும்?" என்று பஞ்சாயத்தை முடித்து வைப்பார்.

பல்லடம் ரோடு, அவினாசி ரோடு, காங்கயம் ரோடு என்று எங்கும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. மறுநாள் காலையில் கால் வீங்கி இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. 3 மாதம் வேலைக்கு போக முடியாது. வாங்கிய மூவாயிரம் மாத்திரைக்கே காணாது. மோதிய காரின் நம்பரை கேட்டால் யாருக்கும் தெரியாது.

உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது? பெரிய வண்டி என்றாலே குற்றவாளியா? சைக்கிள்காரருக்கு எந்த பொறுப்பும் கிடையாதா?

பெரிய வண்டி, சின்ன வண்டி பேதம் இல்லை

விபத்தில் வண்டியின் அளவை சட்டம் பார்ப்பதில்லை. யார் கவனக்குறைவாக வந்தார் என்பதைத்தான் பார்க்கிறது.

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 281-வது பிரிவு, பொது ரோட்டில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. "எந்த வாகனமும்" என்றுதான் அதில் இருக்கிறது. எனவே சைக்கிளும் அதில் அடக்கம்.

கவனக்குறைவால் ஒருவர் உயிர் போனால் 106-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. விபத்தை தெரிவிக்காமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு என்ற உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் போராட்டம் நடத்தினார்கள். புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

டிரைவர் செய்ய வேண்டியது

மோட்டார் வாகன சட்டம் 134-வது பிரிவுப்படி, விபத்து நடந்தால் டிரைவர் முதலில் காயம் அடைந்தவருக்கு சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். போலீசுக்கு சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"நின்னா கூட்டம் அடிச்சிடும்" என்பதுதான் பல டிரைவர்களின் பயம். சட்டமே இதற்கு வழி விட்டிருக்கிறது. கூட்டம் ஆத்திரத்தில் இருந்தால் அங்கே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேராக போலீஸ் நிலையம் போய் சொல்லி விடலாம். சொல்லாமல் வீட்டுக்கு போவதுதான் குற்றம்.

மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அது இல்லாமல் விபத்து நடந்தால் நஷ்டஈடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். 18 வயது ஆகாத பையனிடம் ஸ்கூட்டர் சாவியை கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் ரூ.25 ஆயிரம் அபராதமும் உண்டு.

சைக்கிள்காரர் கவனிக்க வேண்டியது

சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆர்.சி. புக் கிடையாது. இன்சூரன்சும் கட்டாயம் இல்லை. இது வசதி மாதிரி தெரியும். ஆனால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

சைக்கிள் மோதி ரோட்டை கடந்த ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் மீது வழக்கு வரலாம். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 3 ஆண்டு வரை ஜெயிலுக்கு இடம் உண்டு. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடும் கேட்கலாம். காப்பாற்ற இன்சூரன்ஸ் கம்பெனி வராது. சொந்த பாக்கெட்டில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

எலக்ட்ரிக் சைக்கிளிலும் இந்த சிக்கல் உண்டு. 250 வாட்சுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு உட்பட்ட வேகம், முறையான அங்கீகாரம் இருந்தால்தான் லைசென்ஸ் தேவை இல்லை. பட்டறையில் கொடுத்து வேகத்தை கூட்டி விட்டால் அது மோட்டார் வாகனம் ஆகி விடும். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தேவைப்படும்.

லைட் இல்லாவிட்டால் பணம் போச்சா?

கார் மோதியதில் சைக்கிள்காரர் மீதும் தப்பு இருந்தால், நஷ்டஈடு மொத்தமாக போய் விடாது. அவர் பங்குக்கு உள்ள தப்பை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை தீர்ப்பாயம் வழங்கும்.

உதாரணத்துக்கு மாதம் ரூ.12 ஆயிரம் சம்பாதிக்கும் 42 வயது தொழிலாளி இறந்து விடுகிறார். அவரை நம்பி 4 பேர். தினக்கூலிக்காரர் என்றால் எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள். ரூ.15 ஆயிரம் ஆகிறது. அவருடைய சொந்த செலவுக்கு கால் பங்கு போக ரூ.11,250. ஆண்டுக்கு ரூ.1 லட்சத்து 35 ஆயிரம். 42 வயதுக்கு 14-ஆல் பெருக்க வேண்டும். ரூ.18 லட்சத்து 90 ஆயிரம் வருகிறது. உச்ச நீதிமன்றம் 2009, 2017-ம் ஆண்டு தீர்ப்புகளில் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. ஈமச்சடங்கு செலவு போன்றவை தனி.

அவர் மீது 25 சதவீதம் தப்பு என்று முடிவானால் ரூ.4 லட்சத்து 72 ஆயிரத்து 500 குறையும். அப்போதும் குடும்பத்துக்கு ரூ.14 லட்சத்துக்கு மேல் கிடைக்கும்.

லைட் இல்லை, டபுள்ஸ் போனார் என்பதாலேயே பங்கை குறைத்து விடவும் முடியாது. ஒரே பைக்கில் 3 பேர் போன வழக்கில் 2020-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை தெளிவாக்கியது. விதிமீறல் இருந்தால் மட்டும் போதாது. அந்த மீறல்தான் விபத்துக்கு காரணம் என்று நிரூபிக்க வேண்டும். பட்டப்பகலில் பின்னால் வந்து இடித்து விட்டு, "சைக்கிள்ல லைட் இல்லை" என்று சொன்னால் எடுபடாது.

மூவாயிரமா, இரண்டரை லட்சமா?

யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே பணம் பெறவும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த 164-வது பிரிவுப்படி, மோட்டார் வாகன விபத்தில் உயிர் போனால் ரூ.5 லட்சம், கொடுங்காயம் என்றால் ரூ.2½ லட்சம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். ஆனால் இந்த தொகையை வாங்கி விட்டால் கூடுதலாக கேட்டு போட்ட மனு காலாவதியாகி விடும். யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம். வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.

ரோட்டில் மூவாயிரம் வாங்கியவர் கைவிடுவது இதைத்தான். பணம் வாங்கியதால் மட்டும் உரிமை போய் விடாது. ஆனால் எப்.ஐ.ஆர். இல்லை, வண்டி நம்பர் இல்லை என்றால் எதை வைத்து கேட்பது?

மறக்கக்கூடாத 4 விஷயம்

முதலில் வண்டி நம்பர். செல்போனில் போட்டோ எடுத்தால் போதும். காயம் அடைந்தவரால் முடியாவிட்டால் பார்த்தவர்கள் எடுக்கலாம். உதவி செய்தவர்கள் தங்கள் பெயர், முகவரியை சொல்ல வேண்டும் என்று போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டாவது ஆஸ்பத்திரி. 108-க்கு போன் செய்ய வேண்டும். டாக்டர் கேட்கும்போது என்ன வண்டி மோதியது என்று சொல்ல வேண்டும். "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னால் விபத்து பதிவேட்டில் அப்படியே எழுதி விடுவார்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காட்டி பணம் இல்லை என்று சொல்லும்.

மூன்றாவது எப்.ஐ.ஆர். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாக தர வேண்டும்.

நான்காவது காலக்கெடு. நஷ்டஈடு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்த கெடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி காத்திருக்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சைக்கிளுக்கு பின்னால் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்ட பெரிய செலவு ஆகாது. கார்காரர் பிரேக்கில் கால் வைக்க ஒரு பைசா செலவு இல்லை. இரண்டும் தவறி விபத்து நடந்து விட்டால், ரோட்டில் கூடுகிற கூட்டம் தீர்ப்பு சொல்ல வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் நிலையம்.