மேட்டூர் நீருக்கடியில் போன ஊர்களுக்கு ஓர் ஏடு வேண்டும்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு,

ஆண்டுதோறும் ஜூன் 12 நெருங்கும்போது, குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலையோடு மேட்டூரின் நீர்மட்டத்தை விசாரிக்கும் தஞ்சை ஜில்லாக் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவன் நான். எங்களை வாழவைக்கும் அந்த 120 அடி நீருக்கு அடியில் கிடக்கும் ஊர்களைப் பற்றி எங்களில் எவரும் விசாரித்ததில்லை. அவற்றின் பொருட்டே இம்மடலை வரைகிறேன்.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் நிறைவேறி, அந்நாளைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிற்று. நிரம்பினால் ஏறத்தாழ 59 சதுர மைல் விரியும் அந்த ஜலாசயத்தால் டெல்டா அடைந்த க்ஷேமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், காவிரியின் கரைகளில் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டு வந்த குடிகள் வீட்டையும் வயலையும் விட்டு மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்ததனால் அன்றோ அந்த க்ஷேமம் எங்களுக்குச் சித்தித்தது?

நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்ட, ஜனங்கள் திரண்டு வந்து பார்க்கிறார்கள். பத்திரிகைகளில் படம் வருகிறது. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை மட்டுமே இவ்வாறு கண்ணில் படுகின்றன; மண்சுவரும் கூரையுமாக நின்ற குடியானவர் வீடுகள் கரைந்தே போயின. பட்டாதாரராக இருந்தவரின் பெயரேனும் நிலம் எடுத்த காகிதங்களில் எஞ்சியிருக்கக்கூடும்; பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்கும், ஆடு மேய்த்தவருக்கும், வண்ணாருக்கும், குயவருக்கும் அந்தச் சாட்சியமும் அரிது.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நீரில் மறைந்த ஒவ்வொரு கிராமத்திற்கும், அதன் பெயர், எல்லை, தெருக்கள், கிணறுகள், தெய்வங்கள், வாழ்ந்த குடிகள், அவர்கள் சென்று குடியேறிய இடங்கள் ஆகிய அனைத்தும் அடங்கிய ஏடு ஒன்றைத் தங்கள் துறை தொகுத்து வெளியிட வேண்டும். பழைய நில அளவைப் படங்களும் ஜமாபந்திக் கணக்குகளும் அதற்கு அடிப்படையாகட்டும். காகிதத்தில் இல்லாதவற்றைக் கொளத்தூர், மேச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களிடம் நேரில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 1792-க்குப் பின் பழைய சேலம் ஜில்லாவின் பாராமகால் பகுதியில் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் வரி வசூலிக்கும் பொருட்டு எழுதிய கடிதங்களையே சென்னை அரசு பல பாகங்களாக அச்சிட்டிருக்கிறது. வரி கேட்பதற்காக எழுதியவற்றுக்குக் காட்டிய சிரத்தையை, ஊரையே கொடுத்தவர்களுக்குக் காட்டுதல் நியாயமே.

அணை நிறைவேறிய ஆண்டில் கைக்குழந்தையாக இருந்தவரும் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார். பெற்றோர் வாயால் அவ்வூர்களின் கதையைக் கேட்டவர்களும் முதுமை எய்திவிட்டனர். காவிரி நீரால் வயிறு நிறைந்த நாங்கள் அந்த மக்களுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீர, இப்பணியை இவ்வாண்டே தொடங்கியருளுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
காவிரிப் பாசன நாட்டுக் குடிமகன் ஒருவன்